பச்சையம்மாளின் சரியில்லாத நாட்கள்

எண்பத்திரண்டில் சத்துணவு வந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சமையல்காரியாக வந்தவள் பச்சையம்மாள். அடி அண்ணாமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மலை சுற்றும் பாதையை ஒட்டி இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். திருவண்ணாமலை டவுனிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். சமையலுக்கென்று முதலில் கட்டடம் கிடையாது. என் வகுப்புக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, கல் அடுக்கி அடுப்பு வைத்திருந்தார்கள். என் ஜன்னல் அந்தக் கொட்டகையைப் பார்த்து இருந்ததால், பாடம் நடத்துகிற நேரத்திலும் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பாள்.

அப்போது அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி. நல்ல உயரம். சித்திரை வெயிலில் அடுப்பின் எதிரே நிற்கும்போதுகூட முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். சமையல் நன்றாகத் தெரியும். சாம்பாரில் என்ன காய் போட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தாலும், வாசனை என் வகுப்புவரை வரும். பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது.

ஒரு விஷயம் எனக்குப் புரிய நாளாயிற்று. காலையில் அடுப்பு மூட்டும்போது அவள் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள். பருப்பு வேகிற நேரத்துக்கு முகம் இருண்டுவிடும். யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். சொல்லாமலும் இருந்திருப்பார்கள், வழக்கமாகச் சிரிக்கிற ஒருத்தி அன்றைக்குச் சிரிக்காமல் போயிருந்தால் அதுவே போதும். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது மறுபடி கலகலப்பாகிவிடுவாள். "இந்தாடா, மூக்க ஒழுக வுட்டுகினு வராத, சாம்பார்ல விழப்போவுது" என்பாள். வரிசையே சிரிக்கும். பாத்திரம் கழுவுகிற சமயத்தில் பார்த்தால் அந்த ஆள் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேய்த்த அண்டாவையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கண்ணில் தண்ணீர் இறங்கும். துடைக்க மாட்டாள்.

மழைக்காலத்து வானம் மாதிரி சிலர் இருப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். பெரும்பாலும் அவளே சொன்னது. கொஞ்சம் அவள் புருஷன் இருசப்பன் சொன்னது.

பச்சையம்மாளுக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். அப்பா, அம்மா, ஓர் அண்ணன், பெயர் ஆதிமூலம். சோற்றுக்குக் குறைவில்லாத வீடு. அவள் வயதுக்கு வந்த வருஷத்தில், அறுபத்தெட்டு அறுபத்தொன்பது வாக்கில், தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்தது. ஏன் வந்தது என்று அம்மா கேட்டாள், அப்பா அடித்துக் கேட்டார், அண்ணன் கத்திக் கேட்டான். அவளுக்கே தெரிந்தால்தானே. பள்ளிக்கூடத்தை நிறுத்தியது ஒரு வருத்தம். ஆனால் அவள் வயதுப் பெண்கள் எல்லாரையும்தான் நிறுத்தினார்கள். அவர்களுக்கு இது வரவில்லையே.

காற்றுக் கருப்பு என்றார்கள். குறி சொல்கிறவரிடம் கூட்டிப்போனார்கள். வேப்பிலை அடித்தார்கள், இடுப்பில் தாயத்துக் கட்டினார்கள். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி வரும். எழுபத்து மூன்றில் கல்யாணம் பேசினார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பது வீட்டின் முடிவு. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று நலங்கு வைத்தபோது இருசப்பனின் பெரியம்மா ஒருத்தி அவள் முன்கையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமே இது? வேண்டுதலா?"

பச்சையம்மாள் "ஆமாங்க" என்றாள்.

அந்தப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கொள்கிறவர்கள், தீ மிதிக்கிறவர்கள், முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிறவர்கள் உண்டு. சாமிக்காக உடம்பை வருத்திக்கொண்டால் ஊர் கையெடுத்துக் கும்பிடும். பச்சையம்மாள் எந்தச் சாமியிடமும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. "அந்தம்மா கன்னத்துல போட்டுகினதும் எனக்கு ஓன்னு அழுவணும்னு இருந்துச்சு டீச்சர். பொய்யி சொல்லிட்டமேன்னு இல்ல. அது நெஜமா இருந்திருக்கக் கூடாதான்னு," என்றாள் என்னிடம்.

இருசப்பனுக்குக் கொஞ்சம் கிணற்றுப் பாசன நிலம், ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு கறவை மாடு, ஒரு வண்டி. அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. மாமனார் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடவும் இல்லை. வீட்டிலிருந்த கதிர் அரிவாள், கொடுவாள், எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டுபோய்ப் பங்காளி வீட்டில் வைத்துவிட்டார். அறுப்புக்கு ஆள் வந்து நிற்கும்போது தன் அரிவாளைத் தானே இரவல் கேட்கப் போகிற ஒரே குடியானவன் அவர்தான். ஊரில் கேலி செய்தார்கள்.

"அவ காலைல ஒரு ஆளு, மத்தியானம் ஒரு ஆளுங்க," என்பார். "காலைல கஞ்சி ஊத்தும்போது சிரிச்சுப் பேசுவா. நான் ஏர மாட்டிகினு போயி ரெண்டு சுத்து ஓட்டிட்டு வந்து தண்ணி கேட்டா, சொம்ப ணங்குனு வப்பா. இன்னா தப்பு பண்ணோம்னு பயந்துகினே குடிப்பேன். சாயந்திரம் அவளே வந்து, 'இன்னாயா ஒரு மாதிரி கீற'ன்னு என்னைக் கேப்பா."

எழுபத்தாறில் ஒரு பெண் பிறந்தாள். சரசு என்று பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்தபின் கொஞ்ச காலம் நன்றாக இருந்தது.

எழுபத்தொன்பதில்தான் பெரிதாக ஒன்று நடந்தது. அது நடந்த நாள் ஒரு சாதாரண நாள். இருசப்பன் வண்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை மண்டிக்குப் போயிருந்தார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனார். திரும்பும் வழியில் வண்டியின் அச்சு முறிந்தது. சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. விளக்கு வைக்கும்வரை அவர் வரவில்லை. பச்சையம்மாள் முதலில் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, இவர் இனி வரமாட்டார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தன்னோடு இருக்க முடியாமல்தான் போய்விட்டார், யாராக இருந்தாலும் போய்த்தான் இருப்பார்கள் என்று அடுத்தடுத்துத் தோன்றியது. அவர் முறிந்த வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். சரசு ஒருத்தி இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். பச்சையம்மாளின் கையில் துணி சுற்றியிருந்தது. துணியெல்லாம் ரத்தம்.

டவுன் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று இருசப்பனுக்குப் பயம். கட்டுப் போட்ட லேடி டாக்டர் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"சாகணும்னு பண்ணியாம்மா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஏன் செய்தாய் என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவள் யோசித்துச் சொன்னாள்: "இல்லீங்க. உள்ள இருக்கறது நிக்கணும்னுதான்."

"நின்னுச்சா?"

"கொஞ்ச நேரம். அப்புறம் வெக்கம் வந்துடும். அது முன்ன இருந்தத விட ஜாஸ்தி."

டாக்டர் வேலூருக்குப் போகச் சொன்னார். அங்கே இதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள், இது பேயும் இல்லை, திமிரும் இல்லை, வைத்தியம் உண்டு என்றார். இருசப்பனையும் உள்ளே கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னார்.

போளூர் வழியாக பஸ்ஸில் போனார்கள். வேலூரில் அவர்களைப் பார்த்தவர் தலை நரைத்த ஓர் அம்மாள். அவர் இருசப்பனைத்தான் முதலில் பேசவிட்டார். ஒரு நாளில் இவள் எப்படி எப்படி இருப்பாள் என்று விடிந்ததிலிருந்து சொல்லச் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் இருசப்பன் பேசியதே இல்லையாம். பேசி முடித்தபோது வியர்த்துவிட்டதாம்.

"மத்தவங்களுக்கு ஒரு சொல் காதோட போயிடும்," என்றார் அந்த டாக்டர். "உங்களுக்கு அது உள்ள இறங்கிப் போய் உக்காந்துக்குது. சட்டுனு ஏறுது, ரொம்ப ஏறுது. சரி, ஏறினது இறங்குதா இல்லையா?"

பச்சையம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஏறும்போது, இனி எப்போதும் இப்படியேதான் என்று தோன்றும். இறங்கிய பிறகு ஏறியதே நினைவிருக்காது. எப்போது இறங்கியது என்று அவள் பார்த்ததே கிடையாது.

"அடுத்த தடவை பாருங்க," என்றார் டாக்டர். "வரும்போது தனியா இருக்காதீங்க. யார்கிட்டயாவது போய், இன்னைக்கு சரியில்லனு சொல்லுங்க. ஏன் எதுக்குனு விளக்கம் வேணாம். கைக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டு, இறங்கறவரைக்கும் அவங்க பக்கத்துல இருங்க." மாத்திரையும் கொடுத்தார். மாதா மாதம் வரச் சொன்னார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். இருசப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் வந்து நின்றாள்.

"எனக்கு இன்னைக்கு சரியில்ல."

அவர் பதறிப்போய், "ஜுரமா?" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. வைக்கோற்போர் பக்கத்தில் கிடந்த மல்லாட்டை மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, "உரி" என்றார். தானும் உட்கார்ந்தார். இருவரும் உரித்தார்கள். சரசு வந்து பருப்பைத் தின்றுகொண்டிருந்தாள். மாடு கத்துகிற நேரத்தில் பச்சையம்மாள் எழுந்து பால் கறக்கப் போனாள். கறந்துகொண்டிருக்கும்போதுதான், உள்ளே இருந்தது இப்போது இல்லை என்று கவனித்தாள். எப்போது போனது என்று அன்றைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. போயிருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சொல்ல முடிந்த நாளும் உண்டு, முடியாமல் போன நாளும் உண்டு. ஆனால் வருஷத்துக்குப் பல தடவை என்று இருந்தது எப்போதாவது என்று ஆனது.

சத்துணவு வேலைக்கு மனுப் போடச் சொன்னது இருசப்பன்தான். அவளுக்குப் பகலில் வீட்டில் தனியாக இருப்பதுதான் ஆகாது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். கொட்டகையில் அவளுக்கு உதவிக்கு இருந்த ஆயா தனம். புருஷன் இல்லாதவள், இவளைவிடப் பத்து வயது மூத்தவள், வெற்றிலை புகையிலை, ஊருக்கே கேட்கிற குரல். வந்த கொஞ்ச நாளிலேயே தனம் இவள் கையைப் பார்த்துவிட்டாள். அண்டா இறக்கும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது.

"இன்னாமே இது, நீயே பண்ணிகினதா?"

பச்சையம்மாள் இந்தத் தடவை வேண்டுதல் என்று சொல்லவில்லை. "ஆமாக்கா."

தனம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "இப்பவும் வருதா?"

"வரும். எப்பவாச்சும்."

"அப்ப ஒண்ணு பண்ணு. வர்ற அன்னைக்கு அருவாமணைகிட்ட வராத. நான் காய் நறுக்கறேன், நீ அரிசி களை. வாய் தொறந்து சொல்லிட்டுப் போயேன், அதுல இன்னா."

அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு காலையில் பச்சையம்மாள் நேராக அரிசிப் பக்கம் போய் உட்கார்ந்தால் தனம் அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். நான் ஜன்னல் வழியாக அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வேலையை முறை மாற்றிச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பத்து நான்கில் பிரச்சினை வந்தது. ஊரில் சடையன் என்று ஒருவர். ஆரம்பத்திலேயே தன் மனைவிக்கு இந்த வேலையைக் கேட்டு, கிடைக்காமல் போனவர். கீழ்பென்னாத்தூரில் ஒரு காரியத்துக்குப் போன இடத்தில் பச்சையம்மாளின் பழைய கதை அவர் காதுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் சொன்னார். குழாயடிக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் சில பிள்ளைகள் தட்டில்லாமல் பள்ளிக்கூடம் வர ஆரம்பித்தார்கள். "எங்கம்மா சாப்பிட வேணாம்னுச்சு டீச்சர்" என்றார்கள். பைத்தியம் பிடித்தவள் கையால் பிள்ளைகளுக்குச் சோறா என்று சடையன் நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி மேலே எழுதிப் போட்டார்.

விசாரிக்க வந்தவர் சக்கரவர்த்தி என்ற அதிகாரி. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனால் பயந்த மனிதர். சத்துணவு அமைப்பாளர் சந்திரம்மாள் சின்னப் பெண், பத்தாவது முடித்து நேராக இந்த வேலைக்கு வந்தவள். அவள் பதிவேட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமை ஆசிரியர் அறையில் என்னையும் உட்காரச் சொன்னார்கள், வயதில் மூத்த ஒரு பெண் இருக்கட்டும் என்று.

"உம்மேல எழுதியிருக்காங்களே, உண்மையாம்மா?" என்றார் சக்கரவர்த்தி.

பச்சையம்மாள் ரவிக்கைக் கையை மடித்து மேலே ஏற்றினாள். அப்போதுதான் நான் முதல் தடவை பார்த்தேன்.

"எல்லாம் பழசுதானே?" என்றார் அவர். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்கிற மாதிரி இருந்தது அவர் கேட்ட விதம்.

"பழசுதாங்க முக்காலும். போன தைல பண்ணிகினது ஒண்ணு இருக்குது."

சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார்.

"புள்ளைங்கள என்னைக்காவது..."

"அய்யய்யோ. இல்லீங்க." அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவள் நிமிர்ந்தாள். "யாரையும் ஒரு அடி அடிச்சதில்லீங்க. எம் பொண்ணக்கூட. எனக்கு வர்றது எம்மேலதான் வரும்."

வாசலில் நின்ற தனம் கூப்பிடாமலே உள்ளே வந்தாள். "சார், இவளுக்கு மனசு சரியில்லாத அன்னைக்குக் கத்தி அருவா எல்லாம் எங்கிட்ட. ரெண்டு வருசமா அப்படித்தான். ஒருநாளு சோறு கொழஞ்சுதா, ஒரு புள்ளைக்கு வயித்த வலிச்சுதா, கேளுங்க."

அவர் கேட்டார். குறை எதுவும் இல்லை. ஆனாலும் மனுவின்மேல் ஏதாவது செய்தாக வேண்டுமே. வேலூர் டாக்டரிடமிருந்து, வேலை செய்யலாம் என்று சர்டிபிகேட் வாங்கி வரும்வரை அவள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "என்ன பண்றதுங்க, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார்.

வேலூர் டாக்டர் அந்த மாதம் லீவில் போயிருந்தார். சர்டிபிகேட் இழுத்துக்கொண்டே போயிற்று. பச்சையம்மாளுக்கு வீட்டில் பகல் முழுக்க வெறுமனே கிடந்தது. இருசப்பன் நிலத்தில், சரசு பள்ளிக்கூடத்தில். குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். சமையல் வேலை இருந்த நாட்களில் மனசு கீழே போனாலும் பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்க எழுந்தாக வேண்டும், பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இப்போது எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஏறினது இறங்கவே மாட்டேன் என்றது.

ஒரு நாள் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பச்சையம்மாள் நின்றாள். தலை வாரவில்லை. காலில் செருப்பு இல்லை. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"டீச்சர்," என்றாள். "இன்னைக்கு சரியில்ல டீச்சர்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உடம்புக்கு என்ன?" என்றேன். அதற்குள் கொட்டகையிலிருந்து தனத்தின் காதில் அது விழுந்துவிட்டது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து இவள் கையைப் பிடித்தாள்.

"வந்துட்ட இல்ல. வந்துட்ட. போதும்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க சாம்பாரப் பாத்துக்கங்க" என்றாள்.

நான் அதுவரை அவ்வளவு பெரிய அண்டாவின் பக்கத்தில் போனதில்லை. பிள்ளைகளை எட்டாம் வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிவிட்டுப் போய்க் கிளறினேன். உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை, நானும் ஒரு கை போட்டேன். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கவில்லை.

தனம் அவளைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போய், கல் பொறுக்க வேண்டிய அரிசி மூட்டையைப் பிரித்து முறத்தில் கொட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் கல் பொறுக்கினார்கள். ரொம்ப நேரத்துக்குப் பச்சையம்மாள் அழுதுகொண்டேதான் பொறுக்கினாள். பள்ளிக்கூடம் விடுகிற சமயத்தில் நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சாம்பாரு நீங்களா டீச்சர் வச்சீங்க?" என்று கேட்டாள் பச்சையம்மாள். மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஒரே உப்பு." தனம் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாக் கதையும் சொன்னார்கள். பஸ்ஸை விட்டுவிட்டேன். இருசப்பன் விஷயம் கேள்விப்பட்டு வண்டியோடு வந்து நின்றார். சரசு வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து பச்சையம்மாள் சம்பளம் இல்லாமலே கல் பொறுக்க வந்தாள். மரத்தடியில்தானே உட்காருகிறாள், சமைக்கவில்லையே என்று தலைமை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார். அடுத்த மாதம் வேலூரிலிருந்து சர்டிபிகேட் வந்தது. வேலை செய்யலாம், வேலை செய்வதுதான் இவருக்கு நல்லது என்று அந்த டாக்டர் இரண்டு வரி எழுதியிருந்தார். சக்கரவர்த்தி மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டார்.

பிள்ளைகள் தட்டோடு திரும்பி வந்தார்கள். சடையனின் கடைசிப் பையன் முதல் நாளே வந்துவிட்டான், பசிதான். சடையன் மாறவில்லை. நான் இருந்தவரை அவர் பச்சையம்மாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார். அவர் முகத்தைத் திருப்பிய அன்றைக்கெல்லாம் அவள் அரிசிப் பக்கம் உட்கார்ந்தாள்.

எண்பத்தாறில் மறுபடி ஒரு தடவை வந்தது. அண்ணன் ஆதிமூலம் தன் மகள் மஞ்சள்நீராட்டுக்கு எல்லாருக்கும் பத்திரிகை வைத்துவிட்டுத் தங்கைக்கு மட்டும் வர வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினான். நாலு பேர் முன்னால் அவள் எதையாவது பேசி வைத்துவிடுவாள் என்று பயம். அன்று அவள் யாரிடமும் போகவில்லை. மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்ததும் தனத்திடம், "அக்கா, நேத்து பண்ணிகினேன்" என்றாள். தனம் திட்டவில்லை. மருந்து போட்டுக் கட்டினாயா என்று கேட்டு, இல்லை என்றதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குத் தெரிந்து அதுதான் கடைசி. எனக்குத் தெரிந்தவரைக்கும்தான் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு அவள் ஆள் மாறிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். காலையில் ஒரு முகம், மத்தியானம் ஒரு முகம் என்பது அப்படியேதான் இருந்தது. சந்திரம்மாள் ஒரு நாள் அரிசி அளவைச் சத்தம் போட்டுக் கேட்டதற்கு அன்று முழுக்க இவள் அவளோடு பேசவில்லை. மறுநாள் அவளுக்கென்று வீட்டிலிருந்து முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் அது மேலே வந்து விழுகிறவரை அவளுக்குத் தெரியாது. இப்போது வருகிறபோதே, "வருதுக்கா" என்பாள், மழைக்குத் துணி எடுக்கச் சொல்கிற மாதிரி.

எண்பத்தெட்டில் எனக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. ஆர்டர் கைக்கு வந்த காலையில் கொட்டகைக்குப் போய் அவளிடம்தான் முதலில் சொன்னேன். "எங்க ஊருப் பக்கமா? போங்க, போங்க, நல்ல ஊரு" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. சட்டி பானை எல்லாம் டமடமவென்று விழுந்தது. தாளிப்பு கருகிய வாசனை வந்தது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் என் மேஜைக்கு ஒரு கிண்ணத்தில் சாம்பார் அனுப்பினாள், அடியில் கத்தரிக்காயை எல்லாம் பொறுக்கிப் போட்டு. நான் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக் கழுவி வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் பஸ்ஸுக்கு நின்றிருந்த இடத்துக்கு வந்தாள். அடுப்புக் கரி முகத்தில் அப்பியிருந்தது.

"நீங்க போறது காலைல இருந்து உள்ள குத்துது டீச்சர். உங்க மேல கோவம் இல்ல. கோவம் மாதிரி வருது, ஆனா அது கோவம் இல்ல."

"தெரியும்," என்றேன்.

"ராத்திரிக்குள்ள கம்மியாயிடும். நாளைக்கு மறுபடி வரும். நீங்க போயிச் சேர்ந்தப்பறமும் கொஞ்ச நாளு இருக்கும்."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வருவேன். வழியில பள்ளிக்கூடம்தானே."

"வரலன்னாலும் பரவால்ல. வரேன்னு சொல்லிட்டு வராம மட்டும் இருக்காதீங்க. எனக்கு அது ஆவாது."

அப்படியானால் பௌர்ணமிக்கு வருவேன் என்று சொல்லவில்லை, முடிந்தபோது வருகிறேன் என்றேன். அது சரி என்றாள். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை, கண்டக்டர் விசிலடித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் சாலையோரத்துப் புளியமரத்தின் வேரில் உட்கார்ந்தோம். சரசு எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பேசினாள். மாடு ஒன்று சினையாக இருப்பதைச் சொன்னாள். நடுவில் கொஞ்சம் அழுதாள், பிறகு மறுபடி மாட்டைப் பற்றிப் பேசினாள். அடுத்த பஸ் வந்தபோது அவளே எழுந்து கை காட்டி நிறுத்தினாள்.